எல்லைப் பலகையில் திரும்பும் வேன்

இங்கிலாந்தின் பழைய கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், ஆகச் சிறியது ரட்லண்ட். காரில் கொஞ்சம் அவசரப்பட்டால் இருமி முடிப்பதற்குள் மறுபக்கம் வெளியே போய்விடலாம். அப்படி வெளியே போவதைத்தான் டெஸ்மண்ட் டெபட்டால் தாங்கிக்கொள்ள முடியாது.

அவருக்கு எழுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்கவில்லை. பன்னிரண்டு பேர் உட்காரும் பழைய வேன் ஒன்றை வாங்கி, புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஓகம் சந்தைச் சதுக்கத்திலிருந்து வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு கவுண்டி முழுவதையும் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் சாயங்கால டீக்குள் எல்லாவற்றையும் காட்டிவிடுவார். மிச்சம் வைக்கிற அளவுக்குக் கவுண்டியில் ஒன்றும் கிடையாது. ஆனால் இதை அவர் காதுபடச் சொல்லிவிட்டு யாரும் வேனில் நிம்மதியாக உட்கார முடியாது.

முன் சீட்டில் மனைவி தெல்மா இருப்பாள். மடியில் இரண்டு பெரிய பிளாஸ்க், காலடியில் பிளம் கேக் டப்பா. டெஸ்மண்ட் பேசப் பேச அவளும் நடுநடுவே ஒரு வார்த்தை போடுவாள். வந்தவர்கள் டிக்கெட் எடுத்தது அவருக்காக என்றாலும் ஊருக்குப் போய்ப் பேசிச் சிரித்தது அவளைப் பற்றித்தான்.

ஓகம் கோட்டை மண்டபத்தில் சுவர் முழுக்க லாடங்கள் தொங்குகின்றன. முதல் தடவை ஊருக்குள் கால் வைக்கும் பிரபு யாராக இருந்தாலும் ஒரு லாடம் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். எல்லா லாடமும் முனை கீழ்நோக்கித்தான் இருக்கும்.

"தலைகீழா மாட்டினா அதிர்ஷ்டம் கீழ கொட்டிடாதா சார்?" என்று எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்பார்.

"நிமிர்த்தி மாட்டினா அந்தப் பள்ளத்துல சாத்தான் வந்து உக்காந்துக்குவான்மா. எங்க ஊர்ல அவனுக்கு உக்கார இடம் குடுக்கறதில்ல."

"டிக்கெட் எடுத்திருந்தா வேன்ல குடுத்திருப்பாரு," என்பாள் தெல்மா.

சந்தை மண்டபத்தில் குற்றவாளிகளின் காலை மாட்டும் பழைய மரக்கட்டையையும் காட்டுவார். அதில் ஐந்து ஓட்டைகள். ஒற்றைக் கால்காரன் ஒருவன் அடிக்கடி மாட்டிக்கொண்டதால் அவனுக்கென்று தனியாகப் போட்டது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதைக்கு ஆதாரம் கேட்டால் டெஸ்மண்டுக்குக் கோபம் வரும். பிறகு ஏரிக்கரை மாதாகோயில். ஏரி கட்டியபோது கீழ்ப்பாதியைக் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிட்டார்கள், மேல்பாதி மட்டும் தண்ணீரோரம் நிற்கிறது. எந்த இடத்தில் எத்தனை படி, எந்தப் படி தேய்ந்திருக்கிறது, எந்த வாசலில் குனிய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதலில் தான் இறங்கி நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். "படி பார்த்து வாங்கம்மா. இது கொஞ்சம் தேஞ்சிருக்கு. முந்நூறு வருஷப் பழசு." இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசி நிறுத்தம் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் இருக்கும் எல்லைப் பலகை. வேனை ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பார்.

"அதோ அந்த வேலிக்கு அந்தப் பக்கம் லிங்கன்ஷையர்."

"அங்க என்ன சார் இருக்கு?"

"நான் கேள்விப்பட்டதில்ல."

சொல்லிவிட்டு வேனைத் திருப்புவார். அந்தப் பக்கம் அரை மைலில் அவருடைய சொந்த மகள் ஜோவான் குடியிருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிடுகிறார். ஆனால் தானாக ஓட்டிக்கொண்டு எல்லையைத் தாண்ட மாட்டார். மருமகன் நைஜல் கார் கொண்டுவந்து அழைத்துப் போக வேண்டும். யாரோ இழுத்துப் போனால் அது தன் கணக்கில் சேராது என்பது அவர் நினைப்பு.

இந்த வீம்புக்கு ஒரு காரணம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் அரசாங்கம் ரட்லண்டைக் கலைத்துப் பக்கத்து லெஸ்டர்ஷையரோடு சேர்த்துவிட்டது. அதுவும் ஏப்ரல் முதல் தேதியில். டெஸ்மண்டுக்கும் தெல்மாவுக்கும் அந்த ஜூன் மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. கல்யாணச் சான்றிதழில் ரட்லண்ட் என்று இருக்க வேண்டும் என்பதற்காக மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்று, தேதியை மார்ச் முப்பதுக்கு இழுத்துவிட்டார். கவுன் தைத்து முடியவில்லை. தெல்மா முதுகில் பதினேழு குண்டூசியோடு மாதாகோயிலில் நின்றாள். இருபத்து மூன்று வருஷம் கழித்து அரசாங்கம் கவுண்டியைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கிடையே பிறந்த பாவத்துக்கு ஜோவானின் சான்றிதழில் லெஸ்டர்ஷையர் என்று இருக்கிறது. அவளும் நாற்பது வயது தாண்டிவிட்டாள், அப்பா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவதை விடவில்லை.

சரி, கவுண்டி பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் தெல்மாவின் முட்டிகள் போனவை போனவைதான். மூன்று வருஷமாகவே தொந்தரவு. ஒரு முட்டிக்கு அறுவை செய்தும் தேறவில்லை. இன்னொன்றைத் தொட இதயம் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர்கள் இருந்தது கோல்ட்வெல் கிராமத்தில், கூரை வேய்ந்த பழைய கல் வீட்டில். டெஸ்மண்டின் அப்பா காலத்து வீடு அது. மாடிப்படி அலமாரிக் கதவு மாதிரி ஒரு கதவுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி ஏறும், பதின்மூன்று படி. படுக்கையும் குளியலறையும் மேலே. நாற்காலி லிஃப்ட் பொருத்த வந்த ஆள் படியைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

கவுண்டிக்குள் மாடியில்லாத வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டு வருஷம் தேடியும் அமையவில்லை. அப்போதுதான் ஜோவான் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒன்று காலியானது. எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம், ஸ்டாம்ஃபோர்டின் விளிம்பில். வீட்டுக்காரர்கள் ஜோவானுக்குத் தெரிந்தவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் வரை வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், மாட்டிறைச்சி வறுவலுக்கு நடுவே, ஜோவான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, உங்க பலகைலேருந்து அரை மைல்தான். நானே நடந்து பார்த்தேன்."

"அரை மைலோ ஐந்நூறு மைலோ, வெளிநாடு வெளிநாடுதான்."

"வெளிநாடா! இங்கதான்ப்பா நான் இருபது வருஷமா குடித்தனம் பண்றேன்."

"நீ பொறந்ததே லெஸ்டர்ஷையர். உனக்கு எங்க இருந்தா என்ன?"

"உருளைக்கிழங்கு இன்னும் யாருக்கு வேணும்?" என்றான் நைஜல். நல்ல பையன். சண்டை வரும்போதெல்லாம் பரிமாறக் கிளம்பிவிடுவான்.

"ஒருதடவை வந்து பார்க்கவாவது செய்யுங்கப்பா. அம்மாவுக்காக."

"நான் இந்த மண்ணுல பொறந்தவன். எங்கம்மா என்னப் பெத்தது இப்ப நாங்க படுக்கற அதே ரூம்ல. அத விட்டுட்டு லிங்கன்ஷையர்க்காரனா சாகச் சொல்றியா?"

தெல்மா முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"டெஸ், நீ அந்த ரூம்ல பொறக்கல."

"என்னது?"

"நீ பொறந்தது ஸ்டாம்ஃபோர்டுல. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வாத்து விக்கப் போன எடத்துல உங்கம்மாவுக்கு வலி கண்டுடுச்சு. ஒரு சேணக்கடைக்காரர் பொண்டாட்டி மாடிக்குக் கூட்டிட்டுப் போயி பாத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மாட்டு லாரியில உன்னக் கொண்டாந்தாங்க. கூட விக்காத வாத்து ரெண்டு."

டெஸ்மண்ட் மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"யார் சொன்னது?"

"உங்கம்மாதான். கல்யாணத்துக்கு முந்தின நாள், என் முதுகுல ஊசி குத்திக்கிட்டே. 'அவன்கிட்ட சொல்லிடாதம்மா, ரொம்பப் பெருமையா இருக்கான், பாவம்'னாங்க. அம்பது வருஷம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

"அம்பது வருஷம் கட்டினவ இன்னும் பத்து வருஷம் கட்டிக்கக் கூடாதா?"

"என் முட்டி அவ்வளவு நாள் தாங்காது டெஸ்."

வீட்டுக்கு வந்ததும் டெஸ்மண்ட் பீரோவைக் குடைந்தார். அவரிடம் இருந்தது பெயரும் தேதியும் பதிவு வட்டாரமும் மட்டும் போட்ட சின்னச் சான்றிதழ். வட்டாரம் ஸ்டாம்ஃபோர்டு என்றுதான் இருந்தது. கிழக்குப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பதிவு அங்கேதான் நடந்தது என்று இத்தனை வருஷமும் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்த விளக்கத்தை யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

புதன்கிழமை வேனில் ஒரு பெண்மணி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "நீங்க இந்த ஊரேதானா சார்?"

இதற்கு அவரிடம் ஐந்து நிமிஷப் பதில் ஒன்று உண்டு. வாயைத் திறந்தார். "இங்கதான்... இருக்கேன்," என்று மட்டும் வந்தது. தெல்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஆடுகளைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனால் சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா?

நைஜல் நல்ல பையன் என்றேன் அல்லவா, வாய் மட்டும் ஓட்டை. அன்று சாயங்காலமே மதுக்கடையில் விஷயம் பரவிவிட்டது. டெஸ்மண்ட் உள்ளே நுழைந்ததும் கொல்லன் பெர்சிவல் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"வாங்க வாங்க, லிங்கன்ஷையர்க்காரரே! எங்க ஊர் பீர் உங்க வயித்துக்கு ஒத்துக்குமா?"

"யோவ், சும்மா இரு."

"லாடம் கொண்டாந்தியா? வெளியூர்ப் பெரிய மனுஷன் வெறுங்கையோட வரக்கூடாதுப்பா."

"பாஸ்போர்ட்ட மொதல்ல பாருங்க," என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

"மாட்டு லாரிக்கு டிக்கெட் எடுத்தியா டெஸ், இல்ல வாத்தோட வாத்தா வந்துட்டியா?"

கடையே சிரித்தது. டெஸ்மண்டும் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் மேஜையைத் தட்டினார். "பொறந்தது வேணா அங்க இருக்கட்டும். அது எங்கம்மா செஞ்ச தப்பு. சாகறது இங்கதான். அந்த வீட்டப் பத்தி இனிமே யாரும் எங்கிட்டப் பேசக்கூடாது." வீட்டுக்குப் போய் இதையே தெல்மாவிடமும் சொன்னார்.

"சரி," என்றாள் தெல்மா. கேக்குக்கு மாவு கலக்கப் போனாள். பெரிய சண்டை போடுவாள் என்று நினைத்து வந்தவருக்கு அந்த ஒற்றைச் 'சரி' என்னவோ போல் இருந்தது. ஆனாலும் ஜெயித்ததாகவே நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வேனுக்கு டீசல் போடக் கிளம்பியவர், பாதி வழியில் எதையோ மறந்துவிட்டோம் என்று திரும்பி வந்தார். தோட்டத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே மாடிப்படிக் கதவும் திறந்திருந்தது.

தெல்மா படியில் இருந்தாள். நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தாள், முதுகை மேல்படிப் பக்கம் காட்டிக்கொண்டு. துவைத்த துணிக்கூடையை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்குப் பின்னால் மேல்படியில் வைத்தாள். பிறகு உள்ளங்கைகளை ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு, உடம்பை ஒரு படி தூக்கி உட்கார்த்தினாள். மூச்சு வாங்கினாள். மறுபடி கூடை. மறுபடி உடம்பு. பாவாடை பின்பக்கம் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

ஏழாவது படியில் நிறுத்தி, யாரும் இல்லாத வீட்டில், டெஸ்மண்டின் குரலை அப்படியே எடுத்துப் பேசினாள். "படி பார்த்து வாங்கம்மா. இது கொஞ்சம் தேஞ்சிருக்கு. முந்நூறு வருஷப் பழசு." சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்டாவது படிக்குக் கூடையைத் தூக்கினாள்.

டெஸ்மண்ட் தோட்டத்துக் கதவின் மறைவிலேயே நின்றுவிட்டார். ஊரார் முட்டிக்கெல்லாம் கை கொடுக்கிறவர். எத்தனை நாளாக இப்படி ஏறுகிறாள் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பான். டெஸ்மண்ட் சத்தமில்லாமல் பின்வாங்கி, தோட்டத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, தூறலில் பத்து நிமிஷம் முட்டைக்கோஸ் பாத்தியைப் பார்த்தபடி நின்றார். ஒரு பெண் அந்த நிலையில் இருக்கும்போது பார்த்துவிட்டதாகக் காட்டிக்கொள்வது அவர் வளர்ந்த விதத்தில் பெரிய மரியாதைக் குறைவு. அவள் மேலே போய்ச் சேர்ந்திருப்பாள் என்று தோன்றியதும் வாசலுக்குப் போய், கேட்டைப் படாரென்று அறைந்தார். இருமினார். பூனையைத் திட்டினார். அவர்கள் வீட்டில் பூனை கிடையாது.

"என்ன மறந்துட்டே?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது, ஒன்றுமே நடக்காத குரல்.

அவருக்கு எதை மறந்தோம் என்பதே நினைவில்லை. "தெரியல," என்றார்.

"அதுக்கா இவ்வளவு சத்தம்?"

அவர் வேனில் ஏறிப்போய், டீசல் பங்க்கில் நின்றபடி மகளுக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்பதை ஜோவான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நைஜலிடம்கூட.

சனிக்கிழமை வேனில் ஒன்பது பேர். மான்செஸ்டரிலிருந்து ஒரு தம்பதி, வேல்ஸிலிருந்து மூன்று சகோதரிகள், நடைபயணக் கோலோடு நான்கு நண்பர்கள். லாடம், ஐந்து ஓட்டைக் கட்டை, பாதி புதைந்த மாதாகோயில் எல்லாம் முறைப்படி நடந்தது. நான்கு மணிக்கு எல்லைப் பலகை வந்தது. இன்ஜினை அணைத்தார்.

"அந்த வேலிக்கு அந்தப் பக்கம் லிங்கன்ஷையர்."

"அங்க என்ன சார் இருக்கு?" என்றாள் வேல்ஸ்காரிகளில் மூத்தவள்.

டெஸ்மண்ட் மறுபடி இன்ஜினைக் கிளப்பினார். ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை.

"டெஸ், திருப்பலயா?" என்றாள் தெல்மா.

"இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு."

"எது?"

"பட்டியல்ல இல்லாதது. பேசாம வா."

வேன் பலகையைத் தாண்டியது. எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று ஐம்பது வருஷம் பயந்த மனிதர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அதே சாலை, அதே மழை. தெல்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்தபடி.

ஒரு சின்ன செங்கல் வீட்டின் முன் ஜோவான் சாவியோடு நின்றிருந்தாள். டெஸ்மண்ட் எல்லாரையும் இறங்கச் சொல்லி, வாசலில் வழக்கம்போல நின்று, தொண்டையைச் செருமினார்.

"இந்த வீடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டுல கட்டினது. எந்த ராஜாவும் இங்க தங்கினதில்ல. எந்தப் போரும் நடக்கல. அழகுன்னும் சொல்ல முடியாது."

நடைபயணக்காரர்கள் சிரித்தார்கள். தெல்மா சிரிக்கவில்லை.

"உள்ள வர்றவங்க, படி பார்த்து..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தார். நிறுத்தினார். "படி இல்ல," என்றார். "எங்கயும் ஒரு படிகூட இல்ல. நேத்து ஜோவான்கிட்ட நாலு தடவ கேட்டுட்டேன்."

தெல்மாவுக்குப் புரிந்துவிட்டது. "நேத்து என்ன மறந்துட்டு வந்தே டெஸ்?"

"அத விடு."

"பார்த்துட்டியா?"

"எதப் பார்த்தேன்? நான் ஒண்ணும் பார்க்கல," என்றார் டெஸ்மண்ட், தரையைப் பார்த்துக்கொண்டு. கையை நீட்டினார்.

தெல்மா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பிளாஸ்க் இரண்டையும் அதில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள். சமையலறை, கூடம், குளியலறை, படுக்கையறை எல்லாவற்றுக்கும் சுவரைப் பிடிக்காமல், நிற்காமல் போனாள். எல்லாக் கதவும் திறந்து மூடும் சத்தம் வெளியே கேட்டது. வந்தவர்கள் ஒன்பது பேரும், ஏதோ அரண்மனைக்கு வந்த மாதிரி, மிதியடியில் ஒவ்வொருவராகக் காலைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக வரிசையில் நின்றார்கள்.

"இது யாரோட வீடு சார்?" என்று மெல்லிய குரலில் கேட்டாள் வேல்ஸ்காரி.

"அவங்களோடதும்மா," என்றார் டெஸ்மண்ட். "விட்டாங்கன்னா நானும் இருப்பேன்."